மல்லாந்து கிடக்கும் ரெட் நீ டரான்டுலா: கோத்தகிரி நண்பருக்கு

நீங்கள் வளர்க்கும் ரெட் நீ டரான்டுலா சிலந்தி மூன்று வாரமாக இரை தொடவில்லை, இன்று காலை மல்லாந்து கிடக்கிறது, குளிரில் செத்துவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட்டுப் புதைத்துவிடாதீர்கள், பெரும்பாலும் தோல் உரிக்கிறது. செத்த சிலந்தியின் கால்கள் அடியில் சுருண்டுவிடும். முதல் தடவை நானும் பூந்தொட்டியில் குழி தோண்டியவன்தான்!

கையால் தொடாதீர்கள், திருப்பிப் போடாதீர்கள், தண்ணீரும் தெளிக்க வேண்டாம். உள்ளே கரப்பான் ஓடினால் மெதுவாக எடுத்துவிடுங்கள். மெத்தென்ற புது உடம்பை அதுவே கடித்துவிடும். உரித்து முடித்ததும் விஷப்பல் வெள்ளையாக இருக்கும். அது கறுத்த பிறகே இரை, எப்படியும் ஒரு வாரம் பத்து நாள் ஆகும். கிண்ணத்தில் தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்கட்டும்.

குளிருக்குப் பெட்டிமேல் பல்பு மாட்டாதீர்கள், உள்ளே காய்ந்துவிடும். டிசம்பரில் என்னுடையதைச் சமையலறைச் சுவரை ஒட்டிய அலமாரிக்கு மாற்றிவிடுவேன், ஊட்டிக் குளிருக்கே அது போதுமாக இருக்கிறது. அப்புறம், இது சைட்டீஸ் (அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) பட்டியலில் உள்ள இனம். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிந்தாயிற்றா?