பானெட் உயரமா இருக்கா? அப்போ அது 1944 இல்லை!

கேள்வி: எனக்கு 53 வயது. ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பின் பின்னால் ஓடி வளர்ந்தவன். அந்தப் பித்து இன்னும் விடவில்லை. இப்போது ஒரு புரோக்கர், ‘ராணுவ ஏலத்தில் எடுத்த 1944 வில்லிஸ்’ என்று ஒரு ஜீப்பைக் காட்டி ஆறு லட்சம் கேட்கிறார். வலது பக்க ஸ்டீயரிங், உயரமான பானெட், டீசல் இன்ஜின். ஆர்.சி.யில் 1987 என்று இருக்கிறது. கேட்டால், ‘மறுபதிவு செய்ததால் அப்படி’ என்கிறார். மகள் கல்யாணத்தை வைத்துக்கொண்டு பழைய இரும்புக்கு இவ்வளவு பணமா என்கிறாள் மனைவி. என்ன செய்யட்டும்?
– பெயர் வேண்டாம், போடிநாயக்கனூர்.

பதில்: இரும்பு விற்கிறவருக்கே இரும்பு விற்கப் பார்க்கிறார் உங்கள் புரோக்கர். அது 1944 வண்டி இல்லை. நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்களே அதைச் சொல்லிவிடுகின்றன.

இரண்டாம் உலக யுத்த கால ஜீப்புகள், வில்லிஸ் செய்தாலும் ஃபோர்டு செய்தாலும், இடது பக்க ஸ்டீயரிங்கோடுதான் வந்தன. பிற்பாடு மாற்றிக்கொண்டவர்கள் உண்டு, அதனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லமாட்டேன். பானெட்தான் முக்கியம். அந்த 2.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜினில் வால்வுகள் எல்லாமே பிளாக்கின் பக்கவாட்டில் இருந்தன. இன்ஜின் குள்ளம், பானெட்டும் குள்ளம். அடுத்து வந்த ஹரிகேன் இன்ஜினில் இன்டேக் வால்வுகளை மேலே ஹெட்டுக்குக் கொண்டுபோனார்கள். இன்ஜின் உயர்ந்தது, அதை மூட பானெட்டையும் உயர்த்த வேண்டியதாயிற்று. அப்படி 1953-ல் வந்த மாடல்தான் சி.ஜே-3பி. மஹிந்திரா இங்கே பல பத்தாண்டுகள் செய்து விற்றது அதைத்தான். நீங்கள் பின்னால் ஓடிய தோட்டத்து ஜீப்பும் அநேகமாக அந்த வம்சம்தான்!

இன்னும் சந்தேகமா? யுத்த ஜீப்பின் கிரில்லில் ஒன்பது பிளவுகள் இருக்கும். ஹெட்லைட் கிரில்லுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும். ஒரு பட்டர்ஃபிளை நட்டைத் தளர்த்தினால் அப்படியே பின்பக்கம் திரும்பி இன்ஜினுக்கு வெளிச்சம் அடிக்கும். ராத்திரியில் ரிப்பேர் பார்க்க அப்படி ஓர் ஏற்பாடு. (உங்களைப் போன்ற கடைக்காரர்கள் ரசிக்க வேண்டிய நட்டு அது.) டேங்க், டிரைவர் சீட்டுக்கு அடியில். குஷனைத் தூக்கித்தான் பெட்ரோல் ஊற்ற வேண்டும். பின்பக்கம் திறக்கும் கதவே கிடையாது.

சரி, 1944 இல்லாவிட்டால் என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். நஷ்டம் விலையில்தான். 2021-ல் வந்த விதிப்படி 50 வருடம் தாண்டிய வண்டியைத்தான் ‘விண்டேஜ்’ என்று பதிய முடியும், ‘வி.ஏ.’ எழுத்தோடு தனி நம்பர் கிடைக்கும், ஆனால் தினசரி ஓட்டக்கூடாது. உங்கள் ஜீப்புக்கு அது பொருந்தாது. சாதாரண ஆர்.சி.தான். 15 வருடம் தாண்டிவிட்டதால் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை எஃப்.சி. காட்டிப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் உண்டு. அது கடைசியாக எப்போது நடந்தது என்று பாருங்கள். ஆர்.சி.யில் எரிபொருள் ‘பெட்ரோல்’ என்று இருந்து உள்ளே டீசல் இன்ஜின் உட்கார்ந்திருந்தால், அல்லது இன்ஜின் நம்பர் ஒத்துப்போகாவிட்டால், பேச்சே வேண்டாம், திரும்பி வந்துவிடுங்கள். நாளைக்கு ஒரு விபத்து என்றால் இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் பிடிப்பது அதைத்தான்.

காகிதம் சரியாக இருந்தால், குனிந்து அடியில் பாருங்கள். நம் ஊர் ஜீப்புகளில் பாதிக்குப் பாதி பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும், முன் சக்கரம் இழுக்காது. முன் ஆக்ஸிலிலும் பின்னால் இருப்பது போலவே ஓர் உருண்டை ஹவுசிங் இருக்க வேண்டும், அதற்கு ஒரு ஷாஃப்ட் போக வேண்டும். இல்லையென்றால் அது டூ வீல் டிரைவ். பெயின்ட் பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள். ஸ்பிரிங் மாட்டும் இடத்தில் சேஸிஸை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தால் துருவை மறைக்கப் பூசிய பட்டியா (putty), இரும்பா என்று தெரிந்துவிடும். அப்புறம் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போடிமெட்டு வரைக்கும் ஏறி இறங்குங்கள். ஏறும்போது சூடாகிறதா, இறங்கும்போது கியர் தானாக நழுவுகிறதா, இது இரண்டும் போதும்.

உங்கள் மனைவி விஷயம். அவர் கேட்பது நியாயம். ‘குடும்பத்துக்கும் உதவும்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். மழையில் நனைகிற, ஏ.சி. இல்லாத, பிரேக்கை மிதி மிதியென்று மிதிக்க வேண்டிய வண்டி யாருக்கு உதவும் என்று அவருக்குத் தெரியும். இது என் ஆசை, இவ்வளவுதான் செலவு, கல்யாணப் பணத்தைத் தொடமாட்டேன் என்று நேராகச் சொல்லுங்கள். அந்த ‘இவ்வளவு’க்குள் வாங்கிய பிறகு ஒர்க்‌ஷாப்புக்குப் போகும் பணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பழைய ஜீப் வாங்கிய விலையோடு நின்றதாக நான் கேள்விப்பட்டதில்லை. கல்யாணம் இந்த வருடமே என்றால் தள்ளிப்போடுங்கள். இத்தனை வருடம் காத்திருந்தவருக்கு இன்னும் ஒரு வருடம் பெரிதல்ல, பாகங்கள் எளிதாகக் கிடைக்கும் வண்டி என்பதால் வேறொன்றும் அமையும்.

இப்போதைக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். வண்டி பிடித்திருக்கிறது, 1987 மஹிந்திராவுக்கு என்ன விலை என்று புரோக்கரிடம் கேளுங்கள்.