‘மூச்சோ’ என்றால் மூச்சு இல்லை

கேள்வி: ‘பேஸமே மூச்சோ’ பீட்டில்ஸ் பாட்டு என்று நான் சொன்னேன். இல்லை, இத்தாலியப் பாடகர் ஆந்த்ரேயா போச்செல்லியின் பாட்டு என்கிறான் மகன். “யாராவது ஒரு பொண்ணுதான் எழுதியிருப்பா” என்று சிரிக்கிறாள் மனைவி. ஆளுக்கு 100 ரூபாய் பந்தயம். காதலில் அடிபட்ட ஆண் எழுதினால்தானே இத்தனை ஏக்கம் வரும்?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர், திண்டுக்கல்

பதில்: பந்தயம் கட்டுமுன் ரெக்கார்டு உறையைத் திருப்பிப் பார்த்திருக்கலாம். பாட்டின் பெயருக்குக் கீழே, அடைப்புக்குறிக்குள், பொடி எழுத்தில் ஒரு பெயர் இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை. பாடியவர் பெயர்தான் கொட்டை எழுத்தில் கண்ணை இழுக்கிறதே.

இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவினர் இதை 1962 ஜனவரி 1-ஆம் தேதி, டெக்கா ரெக்கார்டு கம்பெனியில் வாய்ப்புக் கேட்டுப் போனபோது பாடிக் காட்டினார்கள். பாட்டு பிழைத்தது, வாய்ப்புக் கிடைக்கவில்லை. போச்செல்லி பாடியது 2006-இல். இவர்களுக்கெல்லாம் முன்பே, 1944-இல், ஜிம்மி டார்ஸியின் வாத்தியக் குழு ஆங்கில வரிகளைப் போட்டு இதை அமெரிக்காவில் முதலிடத்துக்குக் கொண்டுபோய்விட்டது.

எழுதி மெட்டுப் போட்டவர் கோன்சுவேலோ வெலாஸ்கெஸ். மெக்ஸிகோவின் ஹலிஸ்கோ மாநிலத்தில் சியுதாத் குஸ்மான் என்ற ஊரில் 1916-இல் பிறந்த பெண். மேடையில் ஐரோப்பிய செவ்வியல் இசை வாசிக்கப் பயின்ற பியானோ கலைஞர். ‘என்னை நிறைய முத்தமிடு’ என்பது ஸ்பானிஷ் தலைப்பின் பொருள். (‘மூச்சோ’ என்றால் ‘நிறைய’. நம் மூச்சுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) எழுதும்போது அவருக்கு வயது பதினைந்து என்பார் சிலர், இருபது தாண்டிவிட்டது என்பார் சிலர். ஆனால் ஒரு விஷயத்தை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்: அதுவரை அவரை யாரும் முத்தமிட்டதே கிடையாது. அடிபட்ட ஆண் எங்கே, இவர் எங்கே!

சரி, அந்த ஏக்கம் எங்கிருந்து வந்தது? பியானோவிலிருந்து. ஸ்பெயினின் இசையமைப்பாளர் என்ரீக்கே கிரனாதோஸ் எழுதிய ‘கோயெஸ்காஸ்’ என்ற பியானோ இசைத் தொகுப்பில், ஓர் இளம்பெண் இராப்பாடிப் பறவையிடம் முறையிடுவதாக ஒரு பகுதி உண்டு. பாட்டின் மெட்டுக்கு அதுதான் ஊற்று. அதை ஒரு தடவை கேளுங்கள், உடனே பாட்டையும் போடுங்கள். முதல் அடியிலேயே உறவு தெரிந்துவிடும். அப்புறம் ‘பே-ஸ-மே’ என்ற மூன்று அசைகளைக் கவனியுங்கள். வேறொருவர் கையில் அவை சட்டென்று ஓடியிருக்கும். இவர் ஒவ்வொன்றையும் நிறுத்தி, நீட்டி, விட மனமில்லாமல் விடுகிறார். அவ்வளவு ஏக்கமும் அந்த இழுப்பில்தான் இருக்கிறது.

இந்தப் பாட்டு வகைக்கு பொலேரோ என்று பெயர். ஸ்பெயினில் அதே பெயரில் ஒரு நடனம் உண்டு, அது வேறு. இது கியூபாவின் சாந்தியாகோ நகரில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிறந்தது. முதல் பொலேரோவை எழுதியதாகச் சொல்லப்படும் பெப்பே சாஞ்சேஸ் ஒரு தையற்காரர், ஆண்தான். அந்த மட்டில் உங்களுக்குப் பாதி மார்க் தரலாம்.

ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். பெண்கள் எழுதிய பாட்டுகள் இன்னும் உண்டு. அமெரிக்கப் பாடகி டைனா வாஷிங்டன் 1959-இல் ஆங்கிலத்தில் பாடி கிராமி விருது வாங்கிய ‘வாட் எ டிஃபரன்ஸ் எ டே மேட்’ மூலத்தில் ஸ்பானிஷ் பாட்டு. 1934-இல் எழுதியவர் மெக்ஸிகோவின் மரியா கிரெவெர். ‘தோஸ் கார்தேனியாஸ்’ எழுதியவர் கியூபாவின் இசோலினா கரிய்யோ, அவரும் பியானோக்காரர். காதலி காதலனுக்கு இரண்டு கார்டேனியாப் பூக்களைக் கொடுக்கிறாள். ஒருநாள் சாயங்காலம் அவை வாடினால், அவன் மனம் மாறியது பூவுக்குத் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். எனக்கு ‘பேஸமே மூச்சோ’வைவிட இதுதான் பிடிக்கும். அரை நூற்றாண்டு கழித்து, 1997-இல் வந்த ‘புவேனா விஸ்தா சோஷியல் கிளப்’ ஆல்பத்தில் இதைப் பாடியவர் இப்ராஹிம் ஃபெரேர். அதற்கு ஆள் தேடிப் போனபோது, அந்த முதியவர் ஹவானாவில் ஷூ பாலிஷ் போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தார்.

பாடுகிறவராவது அனுபவித்துப் பாட வேண்டாமா என்று கேட்பீர்கள். அமெரிக்கப் பாடகர் நாட் கிங் கோல் 1958-இல் ஒரு முழு ஸ்பானிஷ் ஆல்பம் வெளியிட்டார். அவருக்கு ஸ்பானிஷ் தெரியாது. ஒலியைக் காதால் பிடித்து அப்படியே பாடினார். உச்சரிப்பில் அமெரிக்க வாடை தூக்கலாகத்தான் இருக்கும். அந்த ஆல்பத்தில் உள்ள ‘கிஸாஸ், கிஸாஸ், கிஸாஸ்’ (‘ஒருவேளை, ஒருவேளை, ஒருவேளை’) பாட்டைத்தான் இயக்குநர் வோங் கார்-வாய் தன் 2000-ஆம் வருடப் படத்தில், ஹாங்காங்கின் வாய்விட்டுச் சொல்லாத இரண்டு காதலர்களுக்காக எடுத்துக்கொண்டார்.

மொத்தம் 300 ரூபாய். உங்கள் மனைவியிடம் கொடுத்துவிடுங்கள். மகன் பங்கையும் வசூலித்துக் கொடுப்பது உங்கள் பொறுப்பு.