பார்ட்னரின் டபுளுக்கு எப்போது பாஸ் சொல்லலாம்?

கேள்வி: மன்னார்குடியில் நாங்கள் நாலு பேர் மாலை வேளையில் பிரிட்ஜ் ஆடுகிறோம். போன வாரம் என் இடது பக்கத்துக்காரர் 1 ஆர்ட்டின் (ஆர்ட்டின் துருப்பாக, ஆறுக்கு மேல் ஒன்று, அதாவது ஏழு ட்ரிக் எடுப்போம்) என்று ஏலத்தைத் தொடங்கினார். என் பார்ட்னர் டேக்-அவுட் டபுள் (என்னிடம் பலம் இருக்கிறது, வேறு ஜாதியை நீ சொல் என்று கேட்கும் ஏலம்) சொன்னார். வலது பக்கம் பாஸ். என் கையில் இஸ்பேட் 8 4, ஆர்ட்டின் ராணி 9 6 4 2, டைமண்ட் ராஜா 7 3, கிளாவர் ராணி 8 5. அவர்களுடைய துருப்பே என்னிடம் ஐந்து இருக்கிறதே என்று நானும் பாஸ் சொல்லிவிட்டேன். யாரும் வல்னரபிள் (போனஸும் அபராதமும் கூடுகிற நிலை) இல்லை. எட்டு ட்ரிக் எடுத்து 260 புள்ளியோடு போய்விட்டார்கள். பாஸ் சொன்னது தப்பா?

பதில்: தப்புதான். ரம்மிக்கு உடனே ஆள் சேரும் ஊரில் பிரிட்ஜுக்கு நாலு பேர் கூடுகிறீர்கள் என்பதில் சந்தோஷம். ஆனால் இந்தக் கைக்குச் சரியான பதில் 1 நோ-ட்ரம்ப் (துருப்பே இல்லாத ஆட்டம்). பெரிய சீட்டுக் கணக்கில் (ராஜாவுக்கு 3, ராணிக்கு 2) ஏழு புள்ளி இருக்கிறது, எதிராளியின் ஜாதியில் தடுப்பும் இருக்கிறது. அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

பார்ட்னர் டபுள் சொன்னது உங்களைப் பேசச் சொல்லித்தான். அதை மீறி ஒன்றாம் மட்டத்தில் பாஸ் சொன்னால், ‘ஆர்ட்டின் துருப்பாகவே இருக்கட்டும், ஏழு ட்ரிக் நாம் எடுக்கிறோம்’ என்கிறீர்கள். அதாவது அவர்களுடைய துருப்பை நீங்களே உருவி எடுக்கும் அளவுக்குக் கையில் பலம் வேண்டும். எண்ணிக்கை மட்டும் போதாது. ராணி ஜாக்கி 10 9 7 என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிராளியிடம் ஏஸும் ராஜாவும் இருந்தாலும் அவை போன பிறகு மூன்று ட்ரிக் உங்களுக்கு நிச்சயம். ராணி 9 6 4 2 அப்படியில்லை. நடுவில் ஜாக்கி, 10 இல்லாததால் சின்னச் சீட்டை வைத்தே அவர் உங்களைச் சமாளித்துவிடுவார். ஒன்றோ இரண்டோ கிடைத்தால் அதிகம்.

இன்னொரு விஷயம் உட்காரும் இடம். இந்த ஏலத்தில் ஆட்டத்தை ஆடப்போகிறவர் உங்கள் இடது பக்கம். நீங்கள் சீட்டைப் போட்ட பிறகுதான் அவர் போடுவார். வாய்க்கால் பாசனத்தில் கடைமடைக்காரருக்கு நஷ்டம். பிரிட்ஜிலோ கடைசியில் போடுகிறவருக்குத்தான் லாபம். அதனால் ஏஸ் ராணி, ராஜா ஜாக்கி என்று இடைவெளி விட்ட சீட்டுகளுக்கு இங்கே மதிப்பு குறையும். அடுத்தடுத்து வரும் சீட்டுகள்தான் வேண்டும்.

இடம் மாறினால் கதையே வேறு. வலது பக்கத்துக்காரர் 1 ஆர்ட்டின் சொல்லி, நீங்கள் பாஸ், அடுத்தவரும் பாஸ், கடைசியாக உங்கள் பார்ட்னர் டபுள் என்று வந்தால், ஆடுகிறவருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது நீங்கள். அப்போது ஏஸ் ராணி 10 8 5 அருமையான துருப்பு, தாராளமாகப் பாஸ் சொல்லலாம். ஆனால் ஏலம் முடியாமல் இருக்கவேண்டும் என்பதற்காகவே அந்தக் கடைசி இடத்தில் குறைந்த பலத்தோடும் டபுள் சொல்வார்கள். அதனால் துருப்பு போக வெளியேயும் உங்களிடம் ஏதாவது இருக்கவேண்டும்.

பயத்தில் பாஸ் சொல்கிற பழக்கம் பலரிடம் உண்டு. இஸ்பேட் 9 6 3, ஆர்ட்டின் 8 7 5 2, டைமண்ட் 10 8 4, கிளாவர் 7 6 2 மாதிரி ஒன்றுமில்லாத கை வந்தால், ‘எதையாவது சொல்லி மாட்டிக்கொள்வதற்குப் பதில் பாஸ்’ என்று விட்டுவிடுவார்கள். இதைவிட மோசமான பாஸ் கிடையாது. மூன்று சீட்டுதான் என்றாலும் 1 இஸ்பேட் சொல்லுங்கள். கை எவ்வளவு சொத்தையோ அவ்வளவு கட்டாயம் பேசவேண்டும்.

உங்கள் மேஜையில் வந்தது போன்ற ஏலத்தில் நிஜமாகவே துருப்பு பலமாக இருந்து பாஸ் சொன்னால், டபுள் சொன்ன பார்ட்னர்தான் முதல் சீட்டு இறக்குவார். ஒற்றைத் துருப்பு இருந்தாலும் அதைத்தான் இறக்கவேண்டும். எதிராளி சின்னத் துருப்பால் வெட்டி ட்ரிக் சேர்ப்பதை அது தடுக்கும். இதை இருவரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது; இல்லாவிட்டால் பார்ட்னர் பழக்கதோஷத்தில் தன் இஸ்பேட் ராஜாவை இறக்குவார்.

அப்புறம் கணக்கு. 1 ஆர்ட்டின் டபுளில் சரியாக நிறைவேறினால் அவர்களுக்கு 160 தான். 2 ஆர்ட்டின் என்றால் டபுளால் அது கேம் (பெரிய போனஸ் கிடைக்கும் ஒப்பந்தம்) ஆகிவிடும்; வல்னரபிள் இல்லாதபோதே 470, வல்னரபிள் என்றால் 670. ஆகவே இரண்டாம் மட்டத்தில் மேஜர் ஜாதிக்கு (இஸ்பேட், ஆர்ட்டின்) பாஸ் சொல்ல இன்னும் துணிச்சல் வேண்டும். மறுபக்கம், அவர்கள் வல்னரபிளாக இருந்து ஒரு ட்ரிக் குறைந்தால் 200, இரண்டு குறைந்தால் 500. நமக்கு வரக்கூடிய 110, 140 எல்லாம் அந்த 200-க்குக் கீழே. அவர்கள் வல்னரபிள் இல்லை, நாம் வல்னரபிள், கேம் வரும் கை நம்மிடம் என்றால் பாஸ் அநேகமாக நஷ்டம்: 3 நோ-ட்ரம்ப் 600 கொடுக்கும், அதைத் தாண்ட அவர்கள் நாலு ட்ரிக் குறையவேண்டும்.

மட்டம் ஏற ஏறத் துருப்பு பற்றிய இந்தக் கண்டிப்பைத் தளர்த்தலாம். 3 ஆர்ட்டினைக் கவிழ்க்க நமக்கு ஐந்து ட்ரிக் போதும்; நல்ல துருப்பு நாலும் வெளியே ஒரு ஏஸும் இருந்தால் பாஸ் சொல்லலாம். 4 இஸ்பேடுக்கு டபுள் வந்து, உங்கள் கை சமமாக, நீளமான ஜாதி எதுவும் இல்லாமல் இருந்தால், துருப்பில் இரண்டு சின்னச் சீட்டுதான் என்றாலும் பாஸ்தான். ஐந்தாம் மட்டத்துக்குப் போய் 11 ட்ரிக் தேடுவதைவிட உட்கார்ந்த இடத்தில் நாலு எடுப்பது சுலபம்.