மிருகசீரிடத்தைச் சுற்றி ஒரு மேக வளையம்: சுங்கை சிப்புட் வாசகர்களுக்குப் பதில்

கேள்வி: மூலக்கூறு மேகம் மழைமேகம் மாதிரி அடர்த்தியானதா? (ஐந்தாம் படிவ மாணவி)

இல்லை அம்மா. மூலக்கூறு மேகம் என்பது விண்மீன்களுக்கு இடையே மிதக்கும் குளிர்ந்த வாயுத் திரள். நாம் இழுக்கும் மூச்சில் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ இரண்டரை லட்சம் கோடி கோடி மூலக்கூறுகள் உண்டு. அந்த மேகத்தில் சில நூறுதான். உள்ளே செறிந்த பகுதிகளில் லட்சத்தைத் தொடும். ஆனால் பல ஒளியாண்டு அகலம் என்பதால், பெரிய மேகங்களின் நிறை சூரியனைப் போல் லட்சம் மடங்குகூட வரும்.

கேள்வி: யாரும் போகாத இடத்தின் குளிரை எப்படி ஐயா அளக்கிறார்கள்? (செம்பனை ஆலை ஊழியர்)

மேகத்தில் பெரும்பங்கு ஹைட்ரஜன். ஆனால் மைனஸ் 260 டிகிரி செல்சியஸ் குளிரில் அது ஒளியே விடாது என்று சொல்லலாம். கூடவே கொஞ்சம் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அது சுழன்று 2.6 மில்லிமீட்டர் ரேடியோ அலையை அனுப்பும். 1970இல் வில்சன், ஜெஃபர்ட்ஸ், பென்சியாஸ் மூவரும், ஓரியன் விண்மீன் குழுவில் ஒளிரும் வாயுத் திரளான ஓரியன் நெபுலா பக்கம் அதைப் பிடித்தார்கள். அலைநீளவாரியாகப் பிரித்தால் அந்த ரேடியோ அலை ஒரு கோடாகத் தெரியும்; அந்த அலைக்கோட்டின் பிரகாசம் வெப்பநிலையைச் சொல்லும். நிறையை அறிய, கார்பன்-13 என்ற சற்றுக் கனமான கார்பன் கொண்ட அரிய வகை கார்பன் மோனாக்சைடைப் பார்க்க வேண்டும். ஏனென்றால் சாதாரண வகையின் ஒளி மேகத்தின் மேற்பரப்பிலிருந்து மட்டுமே வருகிறது. எனக்கு மிகப் பிடித்தது கோட்டின் அகலம்; வாயு வேகமாக அசைந்தால் கோடு அகலும். அந்தக் குளிரில் ஒலி நொடிக்கு 0.2 கிலோமீட்டர்தான் போகும்; கோடோ நொடிக்குச் சில கிலோமீட்டர் வேகத்தைக் காட்டுகிறது. அசையாமல் கிடப்பதாகத் தெரியும் மேகம், உள்ளுக்குள் ஒலியை மிஞ்சிக் கொந்தளிக்கிறது!

கேள்வி: பக்கத்தில் இளம் விண்மீன்கள் பிறந்தால் மேகம் என்ன ஆகும்? (அதே ஊழியர்)

பெரும்பாலும் கலைந்துவிடும். பெரிய விண்மீனின் புற ஊதாக் கதிர் மூலக்கூறுகளை உடைத்து, வாயுவை 10,000 டிகிரிக்குச் சூடாக்கும். அது விரிந்து மேகத்தைத் தள்ளும். ஓரியன் குழுவிலுள்ள நம் மிருகசீரிட விண்மீனே இதற்குச் சாட்சி. சுமார் 1,300 ஒளியாண்டு தொலைவில், ஏறக்குறைய 50 லட்சம் ஆண்டு வயதுள்ள விண்மீன் கூட்டம் அதைச் சூழ்ந்திருக்கிறது. நடுவில் வாயு துடைக்கப்பட்டு, மேகங்கள் வளையமாக ஒதுங்கி நிற்கின்றன. இப்படித் தள்ளுவதால் புது விண்மீன்கள் பிறக்கின்றன என்று பலர் எழுதுகிறார்கள். நான் அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்ள மாட்டேன். தள்ளாவிட்டாலும் அவை பிறந்திருக்குமா என்று பிரித்துக் காட்டுவது கடினம்.

கேள்வி: தோட்டத்திலிருந்து தெரியுமா? (ஓய்வுபெற்ற மண்டோர்)

வளையம் கண்ணுக்குத் தெரியாது ஐயா. நீட்டிய கையின் முஷ்டியளவு வானத்தை அடைக்கும், அவ்வளவுதான். ஓரியன் நெபுலா தெரியும். அது பெரிய மேகம் ஒன்றின் நம் பக்கத்து முகத்தில் ஒளிரும் பகுதி. தைப்பூசத்தன்று முழுநிலா, அதனால் வேண்டாம். ஒரு வாரம் கழித்து, இரவு பத்து மணி வாக்கில் ஆலை விளக்கு எட்டாத பக்கம் போங்கள். வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்களுக்கு அருகே, தலைக்கு மேலிருந்து சற்றுத் தெற்கே மங்கலான புகை மாதிரி இருக்கும். பைனாகுலர் இருந்தால் நல்லது. அதற்கு முன் இருபது நிமிடம் கைப்பேசியைத் திறக்காதீர்கள்.