குமிழ் சின்னதாக இருந்தால் ஆய்வையே மாற்றுவதா?

கேள்வி: எங்கள் கல்லூரியில், ஆய்வுக் கட்டுரைகளை அலசிப் பார்க்கும் சைவால் மென்பொருள் வாங்கியிருக்கிறார்கள். அதில் புதிதாக ஒரு வண்ணச் சக்கரமும், எஃப்.டபிள்யூ.சி.ஐ. என்ற எண்ணும் காட்டுகிறார்கள். எங்கள் தாவரவியல் துறைக்கு 0.74, வேதியியலுக்கு 2.9. சக்கரத்திலும் எங்கள் குமிழ்கள் சின்னவை. நான் தாவர வகைப்பாட்டில் ஆய்வு செய்கிறேன். ‘பெரிய குமிழ் உள்ள தலைப்புக்கு மாறுங்கள்’ என்கிறார்கள். மாறத்தான் வேண்டுமா?

– உதவிப் பேராசிரியர், கோவை

பதில்: வேண்டாம் அம்மா. பல்கலைக்கழக நூலகத்தில் இந்த மாதிரி எண்களோடு வேலை செய்தவள் என்ற முறையில் உறுதியாகவே சொல்கிறேன்.

முதலில் குமிழ். அந்தச் சக்கரத்தில் குமிழின் அளவு, அந்தத் தலைப்பில் உங்கள் நிறுவனம் எத்தனை கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறது என்பதை மட்டுமே காட்டும். விளிம்பில் இருந்தால் ஒரே துறை சார்ந்த தலைப்பு, நடுவை நோக்கி நகர நகரப் பல துறைகள் கலந்தது. முக்கியமானதா இல்லையா என்ற பேச்சே அங்கே கிடையாது. ‘ப்ராமினன்ஸ்’ என்று தனியாக ஓர் எண் உண்டு. அது அண்மைக்கால மேற்கோள்கள் (மற்றக் கட்டுரைகள் எத்தனை முறை எடுத்துக்காட்டின), பார்வைகள், இதழ்களின் சைட்ஸ்கோர் (இதழின் சராசரி மேற்கோள் அளவு) மூன்றையும் சேர்த்துக் கணக்கிடுவது. உலகம் இப்போது எதைப் பேசுகிறது என்று அது சொல்லும். உங்கள் ஆய்வின் தரத்தைச் சொல்லாது.

அடுத்தது எஃப்.டபிள்யூ.சி.ஐ. அதே துறை, அதே ஆண்டு, அதே வகைக் கட்டுரைகள் உலக அளவில் பெற்ற சராசரி மேற்கோளை 1 என்று வைத்து உங்களுடையதை ஒப்பிடுகிறார்கள். வெறும் மேற்கோள் எண்ணிக்கையைவிட இது நியாயமானதுதான். ஆனால் வெளியான ஆண்டும் அடுத்த மூன்று ஆண்டுகளும் மட்டுமே கணக்கில் வரும். ஒரு புதிய செடியை விவரித்த கட்டுரையை இருபது வருடம் கழித்துத் தேடி எடுக்கிற துறை உங்களுடையது. போதாததற்கு, ‘தாவர அறிவியல்’ என்ற ஒரே கூடையில் மரபணு ஆய்வாளர்களோடு சேர்த்து உங்களை நிறுக்கிறார்கள். 0.74 வந்ததில் ஆச்சரியம் என்ன?

அந்த 2.9-ஐயும் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இது சராசரி, கட்டுரைகள் குறைவாக இருந்தால் ஒன்றே ஒன்று மொத்தத்தையும் தூக்கிவிடும். ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஷெல்ட்ரிக், படிக அமைப்பைக் கண்டறிய உதவும் ஷெல்எக்ஸ் மென்பொருள் பற்றி 2008-ல் ஒரு கட்டுரை எழுதினார். அதைப் பயன்படுத்தியவர்களெல்லாம் மேற்கோள் காட்டினார்கள். அது வெளியான இதழின் தாக்கக் காரணி, அதாவது ஒரு கட்டுரைக்குக் கிடைக்கும் சராசரி மேற்கோள், 2.051-லிருந்து 49.926-க்குப் பாய்ந்தது. உலகப் பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்தும் 2011/2012 லைடன் தரவரிசையில், துறைவாரியாகச் சரிசெய்த மேற்கோள் சராசரியின்படி கோட்டிங்கன் இரண்டாம் இடம் பிடித்தது. அந்த ஒரு கட்டுரையை எடுத்துவிட்டால் வெகு கீழே போய்விடும்! அவ்வளவு பெரிய பல்கலைக்கழகத்துக்கே இந்தக் கதி என்றால், ஒரு கல்லூரித் துறையின் சராசரியை நம்பி ஒருவருடைய ஆய்வை நிறுத்தச் சொல்வது அநியாயம்.

அடுத்த கூட்டத்துக்கு இரண்டு துறைகளின் கட்டுரைப் பட்டியலையும் அச்செடுத்துப் போங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதன் மேற்கோள் எண்ணிக்கை இருக்கட்டும். உலகின் முதல் 10 சதவீதத்துக்குள் எத்தனை கட்டுரைகள் வந்தன என்பதையும் அதே மென்பொருள் காட்டும். துறைவாரியாகச் சரிசெய்யும் வசதியைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அப்புறம், நீங்கள் எழுதிய தாவரத் தொகுப்பு நூல்கள், ஹெர்பேரியத்துக்கு (உலர்த்திய தாவரங்களின் சேகரிப்பகம்) கொடுத்த மாதிரிகள் எல்லாவற்றையும் தனித்தாளில் எழுதி இணையுங்கள். சைவாலுக்குத் தரவு தரும் ஸ்கோபஸ் என்ற கட்டுரைத் தரவுத்தளத்தில் ஏறாதவற்றை சைவாலால் காட்ட முடியாது. நீங்கள்தான் எடுத்துக் காட்ட வேண்டும்.