தார்ச்சாலையை விட்டு இறங்கினால் காப்பீடு செல்லாதா?

கேள்வி: கொல்லிமலையில் நண்பரின் மிளகுத் தோட்டத்துக்குச் செல்லும் மண்பாதையில் என் மஹிந்திரா 'தார்' ஜீப்பை ஓட்டிச் சென்றபோது, அடிப்பகுதியில் பாறை இடித்து ஆயில் சேம்பர் (எஞ்சின் ஆயில் தேங்கும் அடித்தொட்டி) உடைந்தது. கவனிக்காமல் மேலும் மூன்று கிலோமீட்டர் ஓட்டியதில் எஞ்சின் இறுகி நின்று, சீஸ் ஆகிவிட்டது. விரிவான காப்பீடு இருந்தும், ஆஃப்-ரோடு ஓட்டியதற்குக் கிளைம் கிடைக்காது என்கிறார் ஏஜென்ட். அடுத்த மாதம் ஓர் ஆஃப்-ரோடு போட்டியில் கலந்துகொள்ளவும் எண்ணியிருக்கிறேன். ஆலோசனை தேவை.
– வாசகர், நாமக்கல்

பதில்: ஏஜென்ட் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. நம் நாட்டில் தனியார் கார்களுக்கு வழங்கப்படும் வழக்கமான விரிவான பாலிசி, தார்ச்சாலை, மண்சாலை என்று பிரித்துப் பேசுவதில்லை. வண்டி எதற்காகப் பயன்படுத்தப்பட்டது, சேதம் எதனால் நேர்ந்தது என்ற இரண்டைத்தான் பார்க்கிறது. பாறை இடித்தது வெளியிலிருந்து நேர்ந்த விபத்து என்பதால், சேம்பருக்கான செலவைக் கோர உங்களுக்கு உரிமை உண்டு. அதில் கட்டாயக் கழிவாக, எஞ்சின் 1,500 சிசிக்கு மேற்பட்டதானால் 2,000 ரூபாயும், வண்டியின் வயதுக்கேற்ற தேய்மானமும் பிடிக்கப்படும். 'பம்பர் டு பம்பர்' என்ற கூடுதல் காப்பை எடுத்திருந்தால் தேய்மானம் பிடிக்க மாட்டார்கள்.

சிக்கல் எஞ்சினில்தான் இருக்கிறது. விபத்துக்குப் பின் பழுது பார்க்காமல் ஓட்டினால், அதனால் கூடும் சேதம் முழுவதும் உரிமையாளரின் பொறுப்பு என்று பாலிசியின் நிபந்தனைகளிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் உங்களிடம் முதலில் கேட்கப்போவது, டேஷ்போர்டில் ஆயில் விளக்கு எப்போது சிவப்பாக எரிந்தது என்பதாகவே இருக்கும். எஞ்சின் பாதுகாப்புக்கான கூடுதல் காப்பு (ஆட்-ஆன்) எடுத்திருக்கிறீர்களா என்று உடனே பாருங்கள்; அடிப்பகுதி அடிபட்டு ஆயில் ஒழுகியதால் எஞ்சின் கெடுவதையும், தண்ணீர் புகுந்து கெடுவதையும் பொதுவாக அது ஏற்கிறது. ஆனால் கோளாறு தெரிந்த பிறகும் ஓட்டியவருக்கு அதுவும் கைகொடுக்காது.

படிவத்தில் உண்மையான இடத்தையே எழுதுங்கள். நெடுஞ்சாலையில் நடந்ததாக எழுதச் சொல்லும் 'நலம்விரும்பிகள்' எப்போதும் இருப்பார்கள். பொய்த் தகவல் ஒன்றே, கிடைக்க வேண்டிய பணத்தையும் கெடுத்துவிடும். பாறை, உடைந்த சேம்பர், பாதையில் படிந்த ஆயில் கறை ஆகியவற்றின் படங்களைச் சேர்த்து வையுங்கள்; சர்வேயர் பார்க்கும்வரை சேம்பரைக் கழற்ற விடாதீர்கள். வண்டியை இழுத்துச் செல்ல வழக்கமான பாலிசி தருவது 1,500 ரூபாய்தான். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் அந்தப் பணத்தில் இறங்கிவிட முடியுமா என்பது வேறு கதை.

போட்டியைப் பொறுத்தவரை விஷயம் நேர்மாறானது. ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை, வாகனத் திறன் சோதனை ஆகியவற்றில் பயன்படுத்தும்போது வழக்கமான பாலிசி செல்லாது. திறன் சோதனைக்கும் ராலிக்கும் கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்த்துக்கொள்ள ஐ.எம்.டி. 31 என்ற இணைப்பு உண்டு. அதைக் கேட்டு, எழுத்தில் பெற்ற பிறகே பெயர் கொடுங்கள். அதற்காகப் பெரிய டயரோ வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட்டோ மாட்டியிருந்தால், ஆர்.டி.ஓ. ஒப்புதல் வேண்டுமா என்பதையும் கேட்டு, நிறுவனத்துக்கும் தெரிவித்துவிடுங்கள்.

கிளைமை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதி, முப்பது நாளில் பதில் இல்லையென்றாலோ பதில் திருப்தி தரவில்லையென்றாலோ, சென்னையிலுள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) ஓராண்டுக்குள் முறையிடலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.