தில்லு முல்லு ரஜினியா, பாட்ஷா ரஜினியா: நடிப்பில் எது ஒரு படி மேல்?

என் ஓட்டு தில்லு முல்லுவுக்கு. பாட்ஷா ரசிகர்கள் சண்டைக்கு வருமுன் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு படத்தின் கதையையும் உரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது ஒன்றுதான். தான் யார் என்பதை மறைத்து, பரம சாதுவாக நடமாடுகிற ஒருவன். 1981ல் அவன் பெயர் சந்திரன், வேலையைக் காப்பாற்ற ஒரு பொய், அந்தப் பொய்யைக் காப்பாற்ற ஒன்பது பொய். 1995ல் அவன் பெயர் மாணிக்கம், பாட்ஷா என்ற தாதாவாக இருந்ததை மறைத்து ஆட்டோ ஓட்டுகிறான். முதலாமவன் மாட்டிக்கொள்வானோ என்று பதறிக்கொண்டே சிரிக்கிறோம். இரண்டாமவன் எப்போதுதான் வெளியே வருவான் என்று விசிலைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறோம்.

தில்லு முல்லு வந்த நேரத்தையும் பார்க்க வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டுதான் பில்லாவும் முரட்டுக்காளையும் வந்திருந்தன. அடிதடி நாயகன் என்று பெயர் வாங்கிய கையோடு ஒருவர் மீசையை மழித்துக்கொண்டு வந்து நிற்பது லேசான காரியமா? இயக்குநர் பாலசந்தர் சொன்னார், இவர் செய்தார். அதுவும் இந்தியில் அமோல் பாலேகர் நடித்த கோல்மால் படத்தின் மறுஆக்கம். பாலேகர் பக்கத்து வீட்டுப் பையன் மாதிரி இருப்பவர், அவருக்கு அது பொருந்தும். ரஜினிக்கு?

பொருந்தியது. எப்படியென்றால், ஒட்டுமீசையோடு முதலாளி முன்னால் நிற்கும் சந்திரனுக்குத் தோள் குறுகிவிடும், பேச்சில் பணிவு வழியும். தனக்கு இருப்பதாகப் பொய் சொன்ன மீசை இல்லாத தம்பி 'இந்திரன்' ஆனதும் அதே உடம்பு தளர்ந்து, கையும் காலும் தம் இஷ்டத்துக்குப் போகும். மீசையை மறந்துவிட்டுப் பார்த்தாலும் இவன் யார், அவன் யார் என்று தெரியும். எதிரே தேங்காய் சீனிவாசன் வேறு, விட்டால் காட்சியைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிற ஆள். அவருக்கு ஈடுகொடுத்து நின்றதே பெரிய விஷயம்.

அந்த உடம்பு வித்தைதான் அப்புறம் பாட்ஷாவில் பயன்பட்டது என்பது என் எண்ணம். தங்கைக்குக் கல்லூரியில் சீட் கேட்டுப் போகிற காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாணிக்கம் பேசுகிறான், நமக்கு ஒரு வார்த்தை கேட்காது. நிமிர்ந்த முதுகும் கையசைவும் மட்டும்தான். வெளியே வந்ததும் பழையபடி பவ்யமான அண்ணன். என்ன சொன்னாய் என்று கேட்கும் தங்கையிடம், உண்மையைச் சொன்னேன் என்கிறான். அந்தச் சின்ன இடைவெளியும் சிரிப்பும் அசல் காமெடியனின் டைமிங். மிரட்டலை மட்டும் நம்பி நடித்திருந்தால் அந்த இடத்தில் இவ்வளவு கைதட்டல் விழுந்திருக்காது.

இடையில் அண்ணாமலை (1992) இருக்கிறது. பாட்ஷாவின் இயக்குநர் சுரேஷ் கிருஷ்ணாதான் அதற்கும். மகளிர் விடுதியில் பாம்பு மேலே ஏற, வெலவெலத்துப் போகிற அதே ஆள்தான் பிற்பாடு தொடையைத் தட்டி நண்பனிடம் சவால் விடுகிறான். பாம்பைப் பார்த்து உளறியவன் என்பதால்தான் அந்தச் சவால் நம்மை உலுக்குகிறது. எடுத்ததுமே வீரனாக வந்திருந்தால் இதுவும் இன்னொரு பஞ்ச் வசனமாகப் போயிருக்கும்.

சந்திரமுகியில் (2005) வடிவேலுவோடு சேர்ந்து செய்ததும் எனக்குப் பிடிக்கும். ஆனால் அங்கே சிரிப்புச் சுமையை வடிவேலு தூக்கிக்கொள்கிறார், இவர் கூட நடந்து வருகிறார். தில்லு முல்லு போல முழுச் சுமையையும் தானே தூக்கிய படத்தை அதற்குப் பிறகு அவர் அதிகம் செய்யவில்லை. அந்த வருத்தம் எனக்கு உண்டு.

ஒரு கொசுறு: பாட்ஷாவில் மாணிக்கத்தைக் கம்பத்தில் கட்டி வைத்து அடிக்கிறாரே ஆனந்தராஜ், அந்தப் பாத்திரத்தின் பெயரும் இந்திரன்தான்.